கூப்பிட்ட குரலுக்கு வர வைப்பது எப்படி?

கட்டற்ற மென்பொருள் (யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் உரிமையுள்ள மென்பொருள்) குழுக்களிலும் விக்கிப்பீடியாவின் பேச்சுப் பக்கங்களிலும் பல ஆண்டுகளாகப் புழங்கி வருகிறேன். இரண்டொரு குழுக்களில் பதிவுகளைக் கண்காணித்து ஒழுங்குபடுத்தும் மட்டுறுத்துநர் வேலையும் என் தலையில் விழுந்திருக்கிறது. அந்த வேலையில் ஓயாமல் காதில் விழும் புலம்பல் ஒன்று உண்டு: "அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், எட்டிக்கூடப் பார்க்கவில்லை." பதிவில் '@' குறியோடோ இணைப்போடோ ஒருவரின் பெயரை எழுதி, அவருக்கு அறிவிப்புப் போகும்படி அழைப்பதைத்தான் சொல்கிறார்கள். கூப்பிட்டவர் அதை அலட்சியம் என்றே எடுத்துக்கொள்கிறார். கொஞ்ச நாள் கழித்து, சம்பந்தமே இல்லாத வேறோர் உரையாடலில் அந்த மனத்தாங்கல் வெடிக்கும். கூப்பிடப்பட்டவரைத் தனியே விசாரித்தால், பெரும்பாலும் அவருக்கு அழைப்பே போய்ச் சேர்ந்திருக்காது. சேர்ந்திருந்தாலும் எதற்காக அழைத்தார்கள் என்பது புரிந்திருக்காது. அழைப்பும் வந்து, விஷயமும் புரிந்து, வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டிருந்தவர்களை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன்.

எனவே யாராவது என்னிடம் இப்படிப் புகார் கொண்டுவந்தால், நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: அறிவிப்பு உண்மையிலேயே போனதா?

இது சின்னக் கேள்வியாகத் தோன்றும். ஆனால் பாதிச் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. '@' குறியைப் போட்டுப் பெயரை எழுதிவிட்டால் எங்கும் மணி அடித்துவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 1971-இல் ரே டாம்லின்சன் என்ற கணினிப் பொறியாளர் மின்னஞ்சலுக்காக அந்தக் குறியைத் தேர்ந்தெடுத்தபோது, ஆளின் பெயரையும் அவர் பயன்படுத்தும் கணினியின் பெயரையும் பிரித்துக் காட்டுவதுதான் அதன் வேலை. ஆளைக் கூப்பிடும் வேலை பிற்பாடு வந்தது. 1988-இல் தொடங்கிய ஐ.ஆர்.சி. அரட்டை அறைகளில் ஒருவரின் பெயரை எழுதி முக்காற்புள்ளி வைத்தாலே போதும்; அவர் திரையில் அந்த வரி பளிச்சென்று தெரியும். 2006-இல் ட்விட்டர் வந்த பிறகு, ஒருவருக்குப் பதில் எழுதும்போது பெயருக்கு முன்னால் '@' போடும் பழக்கத்தைப் பயனர்களே தொடங்கினார்கள். நிறுவனம் அதைப் பின்னர்தான் தன் அமைப்புக்குள் சேர்த்துக்கொண்டது. ஆக, அந்தக் குறிக்கு இயல்பிலேயே எந்தச் சக்தியும் கிடையாது. ஒவ்வொரு தளமும் தன் விருப்பப்படி அதற்கு ஒரு விதி வைத்திருக்கிறது. விதி தளத்துக்குத் தளம் மாறுகிறது.

விக்கிப்பீடியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே அறிவிப்பு வசதி 2013-இல் வந்தது. ஒருவரை அழைக்க அவருடைய பயனர் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்து எழுத வேண்டும். அதற்கென வார்ப்புருக்களும் (ஆயத்தமாக எழுதி வைத்த அச்சுகள்) உண்டு. ஆனால் இணைப்பு மட்டும் போதாது. அதே சேமிப்பில் உங்கள் கையொப்பமும் இருக்க வேண்டும், அதாவது நான்கு அலைக்குறிகளை (~~~~) அந்தப் பதிவின் இறுதியில் இட்டிருக்க வேண்டும். புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடம் இது. நீளமாக ஒரு கேள்வியை எழுதுவார்கள். அனுபவமுள்ள ஒருவரின் பெயரை இணைப்போடு குறிப்பிடுவார்கள். சேமித்துவிடுவார்கள். பிறகுதான் கையொப்பம் விட்டுப்போனது கண்ணில் படும். உடனே மறுபடியும் திறந்து நான்கு அலைக்குறிகளைச் சேர்த்துச் சேமிப்பார்கள். இப்போது பக்கத்தைப் பார்க்கிற எவருக்கும் எல்லாம் ஒழுங்காக இருப்பதாகவே தோன்றும்: பெயர் இருக்கிறது, இணைப்பு இருக்கிறது, கையொப்பம் இருக்கிறது, தேதியும் இருக்கிறது. அழைக்கப்பட்டவருக்கு மட்டும் எதுவும் போயிருக்காது. முதல் சேமிப்பில் பெயர் இருந்தது, கையொப்பம் இல்லை; இரண்டாவது சேமிப்பில் கையொப்பம் இருந்தது, ஆனால் பெயர் புதிதாக எழுதப்படவில்லை. இரண்டும் ஒன்றாகச் சேராததால் மணி அடிக்கவில்லை. கேட்டவர் மாதக்கணக்கில் காத்திருப்பார். இதற்கு ஒரே பரிகாரம், கீழே புதிதாக ஒரு வரி எழுதி, பெயரையும் கையொப்பத்தையும் சேர்த்து ஒரே முறையில் சேமிப்பதுதான்.

மற்ற இடங்களில் வேறு வேறு பொறிகள். டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலியில் அனுப்பிய செய்தியைத் திருத்திப் பெயரைப் பின்னால் நுழைத்தால், பெயர் வண்ணத்தில் தெரியும், அவருடைய கைப்பேசி ஒலிக்காது. ரெட்டிட் என்ற விவாதத் தளத்தில் ஒரே கருத்துரையில் மூன்று பேருக்கு மேல் அழைத்தால் நான்காமவருக்கு மட்டும் அல்ல, ஒருவருக்குமே அறிவிப்புப் போவதில்லை. நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் இன்னும் கெடுபிடி: ஒரு கருத்துரையில் ஒருவரை மட்டுமே அழைக்க முடியும். அவரும் அந்த இடுகையில் ஏற்கெனவே கருத்து எழுதியவராகவோ அதைத் திருத்தியவராகவோ இருக்க வேண்டும். எங்கோ இருக்கும் நிபுணரைப் பெயர் சொல்லி அங்கே இழுத்துவர வழியில்லை. இடுகையின் ஆசிரியருக்கோ நீங்கள் அழைக்காவிட்டாலும் தானாகவே அறிவிப்புப் போகும். டிஸ்கோர்ஸ் என்ற விவாதக் குழு மென்பொருளில் இயங்கும் தளங்களில், நீங்கள் அழைப்பவருக்கு அந்தப் பகுதியைப் பார்க்கும் அனுமதி இல்லையென்றால் அறிவிப்புப் போகாது. நல்லவேளையாக எழுதும்போதே அது எச்சரித்துவிடும். எச்சரிக்கையைப் படிக்காமல் அனுப்புகிறவர்கள்தான் அதிகம்.

தலைகீழான விபத்தும் நடக்கும். நிரலாளர்கள் நிரல்களைப் பகிர்ந்துகொள்ளும் கிட்ஹப் தளத்தில் நிரலைப் பிரதியெடுத்து அப்படியே ஒட்டுகிறவர்கள் அறியாமலே யார் யாரையோ அழைத்துவிடுகிறார்கள். ஜாவா என்ற நிரல்மொழியில் '@ஓவர்ரைடு' என்று வரும், இணையப் பக்கங்களின் தோற்றத்தை அமைக்கும் சி.எஸ்.எஸ்.ஸில் '@மீடியா' என்று வரும். அந்தப் பெயரில் யாராவது கணக்கு வைத்திருந்தால், அவருக்குச் சம்பந்தமே இல்லாத உரையாடல் ஒன்றின் அறிவிப்புப் போய் நிற்கும். நிரலை நிரலுக்குரிய சாய்வு மேற்கோள் குறிகளுக்குள் (`) இட்டால் இந்தத் தொல்லை இல்லை.

தமிழில் எழுதுகிற நமக்கென்றே தனியாக ஒரு வம்பும் இருக்கிறது. நாம் வேற்றுமை உருபைப் பெயரோடு ஒட்டித்தான் எழுதுவோம். '@இன்னாரிடம் கேட்கலாம்', '@இன்னாருக்குத் தெரியும்' என்று இயல்பாகவே கைவந்துவிடும். மென்பொருளுக்கு இலக்கணம் தெரியாது. 'இன்னாருக்கு' என்ற முழுச்சொல்லையும் ஒரு பயனர்பெயராக எடுத்துக்கொண்டு, அப்படி ஒருவர் இல்லை என்று பேசாமல் இருந்துவிடும். பெயரைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் வாட்ஸ்அப் போன்ற செயலிகளில் இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. பெயரை எழுத்தெழுத்தாகத் தட்டும் இடங்களில் நிறைய. ஆகையால் பெயரை எழுவாயாகவே வைத்து, ஓர் இடைவெளி விட்டு, வாக்கியத்தை அதற்கேற்ப வளைத்துக்கொள்வது என் வழக்கம்: '@இன்னார் இதைப் பார்க்க வேண்டுகிறேன்.' அழகு கொஞ்சம் குறையும், ஆள் வந்து சேர்வார். தமிழ் எழுத்தில் பயனர்பெயர் வைத்திருப்பவர்களிடம் இன்னொரு சங்கடம். 'கௌ' என்ற ஓரெழுத்தும், 'கெ'யும் 'ள'வும் சேர்ந்த 'கெள' என்ற ஈரெழுத்தும் திரையில் ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும். கணினிக்கு அவை வெவ்வேறு. அத்தகைய பெயர்களை நான் தட்டச்சு செய்வதே இல்லை. அவருடைய பழைய பதிவிலிருந்து பிரதியெடுத்து ஒட்டிவிடுகிறேன்.

இவ்வளவு விதிகளையும் நினைவில் வைத்திருக்க யாராலும் முடியாது, தேவையும் இல்லை. அனுப்பிய பிறகு பெயர் நிறம் மாறியோ இணைப்பாகவோ தெரிகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். வெறும் எழுத்தாக நின்றால் அழைப்புப் போகவில்லை. நிறம் மாறியிருந்தால் போயிருக்கலாம். 'போயிருக்கலாம்' என்கிறேன், மேலே சொன்ன டிஸ்கார்டு கதையை மறந்துவிடக் கூடாது. திருத்திச் சேர்த்த பெயரை நான் எந்தத் தளத்திலும் நம்புவதில்லை. விட்டுப்போனால் புதிதாக ஒரு வரி எழுதிவிடுகிறேன்.

சரி, அறிவிப்புப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதன் பிறகும் ஆள் வரவில்லையே, ஏன்?

நம் பெயருக்கு நம்மிடம் இருக்கும் ஈர்ப்பு பெரியதுதான். 1959-இல் நெவில் மொரே என்ற உளவியலாளர் செய்த சோதனை ஒன்று உண்டு. ஒரு காதில் ஒரு பேச்சும் மறு காதில் வேறொரு பேச்சும் ஒலிக்கச் செய்து, ஒன்றை மட்டும் கவனித்துத் திருப்பிச் சொல்லும்படி கேட்பார்கள். கவனிக்காத காதில் ஒரே சொற்களைத் திரும்பத் திரும்ப ஒலித்தாலும் ஆட்களுக்கு அவை நினைவில் நிற்பதில்லை. ஆனால் அந்தக் காதில் அவர்களுடைய பெயரைச் சொன்னபோது, ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அதைக் கவனித்துவிட்டார். பெயருக்கு இருக்கும் சக்திக்குச் சான்றாக இதைச் சொல்வார்கள். எனக்கு அதில் மிச்சமிருக்கும் இரண்டு பங்குதான் கண்ணில் படுகிறது. வேறு வேலையில் மூழ்கியிருப்பவர்களில் பெரும்பாலோருக்குத் தங்கள் பெயர்கூட உறைப்பதில்லை.

ஆனால் பெயரே சொல்லாமல் அழைப்பது அதைவிட மோசம். "யாராவது உதவுங்களேன்" என்ற வகை. 1968-இல் டார்லி, லட்டானே என்ற உளவியலாளர்கள் நடத்திய புகழ்பெற்ற ஆய்வில், தனித்தனி அறைகளில் உட்கார்ந்து ஒலிபெருக்கி வழியே பேசிக்கொண்டிருந்தவர்களில் ஒருவருக்கு வலிப்பு வருவது போலக் கேட்கச் செய்தார்கள். தான் ஒருவர் மட்டுமே அதைக் கேட்பதாக நினைத்தவர்களில் 85 சதவீதத்தினர் வலிப்பு முடிவதற்குள் உதவிக்கு எழுந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருப்பதாக நினைத்தவர்களில் 31 சதவீதத்தினர்தான் எழுந்தார்கள். பேட்ரிக் மார்க்கி என்ற உளவியலாளர் 2000-இல் இதையே இணைய அரட்டைக் குழுக்களில் சோதித்துப் பார்த்தார். கேட்டது சாதாரண உதவிதான்: ஒருவருடைய விவரக்குறிப்பைப் பார்ப்பது எப்படி என்று யாராவது சொல்ல முடியுமா? குழுவில் ஆட்கள் கூடக் கூடப் பதில் வரத் தாமதமானது. ஒருவரைப் பெயர் குறிப்பிட்டுக் கேட்டபோது அந்தத் தாமதம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. குழுவில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், ஒருவர்கூடவா பார்க்கவில்லை என்று கேட்கிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். ஆயிரம் பேர் இருப்பதால்தான் ஒருவரும் வரவில்லை.

பெயர் கதவைத் திறக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. எனக்கு வருகிற அழைப்புகளில் பெரும்பகுதி இப்படித்தான் இருக்கும்:

"ஐயா வணக்கம். நலமா? ஒரு சந்தேகம். நேரம் இருக்கும்போது சொல்லுங்கள்."

எழுதியவர் பணிவோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் இதைப் படித்துவிட்டு நான் என்ன செய்வது? "சொல்லுங்கள்" என்று எழுதிவிட்டு, அவர் கேள்வியைத் தட்டும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் என் வேலை கலைந்துவிடும். அல்லது அவர் திரும்பி வரும்போது நான் இருக்க மாட்டேன். ஐ.ஆர்.சி. காலத்திலிருந்தே இப்படி வெறுமையாகப் பெயரை மட்டும் சொல்லி அழைப்பதை நிரலாளர்கள் முகம் சுளிக்க வைக்கும் பழக்கமாகக் கருதி வந்திருக்கிறார்கள். வணக்கம் சொல்வதில் ஒரு குறையும் இல்லை. அதைத் தனிச் செய்தியாக அனுப்பிவிட்டு எதிர் வணக்கத்துக்குக் காத்திருப்பதுதான் தொல்லை. இன்னொன்று, பூட்டிய கைப்பேசித் திரையில் வரும் அறிவிப்பில் முதல் சில சொற்கள்தான் தெரியும். அந்த இடம் முழுவதையும் நலம் விசாரிப்பு அடைத்துக்கொண்டால், இப்போதே திறக்க வேண்டியதா, இரவு பார்த்துக்கொள்ளலாமா என்று படிப்பவருக்குத் தெரியாது. தெரியாவிட்டால் தள்ளித்தான் போடுவார்.

இதோ நான் உடனே எழுந்து உட்கார்ந்த ஓர் அழைப்பு. நினைவிலிருந்து எழுதுகிறேன், சாரம் இதுதான்:

"வணக்கம் ஐயா. தேதி வரிசையில் நீங்கள் சென்ற மாதம் செய்த மாற்றத்துக்குப் பிறகு, கடைசிப் பக்கத்தில் பழைய பதிவுகள் இரண்டு முறை வருகின்றன. அந்த மாற்றத்தை மட்டும் விலக்கிப் பார்த்தேன், சரியாகிவிடுகிறது. இது தெரிந்தே செய்ததா, விடுபட்டதா? விடுபட்டதென்றால் திருத்தத்தை நானே அனுப்புகிறேன், நீங்கள் சரிபார்த்தால் போதும்."

இதை எழுதியவர் எனக்கு முன்பின் தெரியாதவர். ஏன் என்னை அழைக்கிறார் என்பது முதல் வாக்கியத்திலேயே இருக்கிறது: மாற்றத்தைச் செய்தவன் நான். வேறு யாரையும் கேட்டுப் பயனில்லை, நானும் வேறு யார் தலையிலும் இதைக் கட்டிவிட முடியாது. அவர் தம் பங்குக்கு என்ன சோதித்தார் என்பது அடுத்து வருகிறது. கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லலாம். அதற்குப் பிறகான உழைப்பையும் அவரே ஏற்றுக்கொள்கிறார். நடந்துகொண்டே, ஒரு கையால், "விடுபட்டதுதான், அனுப்புங்கள்" என்று பதில் எழுதிவிட முடிந்தது. கேட்பவர் நேரம் செலவழித்துக் கேட்டால் பதில் சொல்பவரின் நேரம் மிச்சமாகிறது. அந்தக் கணக்கு அழைப்பின் முதல் இரண்டு வரிகளிலேயே வெளிப்பட்டுவிடும். தம் நேரத்தைச் செலவழிக்காமல் என் நேரத்தைக் கேட்கிறவர் யார் என்பதைக் கண்டுபிடிக்க எந்த வாசகருக்கும் அதிக நேரம் பிடிக்காது.

மேற்கோள் காட்டுவதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒருவர் முன்பு சொன்னதைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்றால், பெயரை அழைப்பதைவிட அவருடைய வரியை மேற்கோள் காட்டிப் பதில் எழுதுவது பல மடங்கு மேல். பல தளங்களில் மேற்கோளுக்கும் அறிவிப்பு உண்டு. '@' அழைப்பே இல்லாத சில பழைய மென்பொருள்களில்கூட மேற்கோள் காட்டினால் மட்டும் அறிவிப்புப் போகும். எந்த வாக்கியத்தைப் பற்றிய கேள்வி என்பது பக்கத்திலேயே நிற்பதால் அவர் மேலே தேடிப் போக வேண்டியதில்லை. முழுப் பதிவையும் தூக்கி ஒட்டாதீர்கள், அந்த ஒரு வரி போதும். டெலிகிராமில் ஒரு செய்தியின் பகுதியை மட்டும் மேற்கோள் காட்ட 2023 முதல் வசதி இருக்கிறது. ஏனோ அதைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு.

யாரை அழைப்பது என்பதில் பெரும்பாலோர் அதிகம் யோசிப்பதில்லை. குழுவில் அதிகமாகப் பேசுகிறவரை அழைத்துவிடுகிறார்கள். அதிகம் பேசுகிறவருக்கு அந்த விஷயம் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அந்தப் பக்கத்தை, அந்த நிரலை, அந்த ஆவணத்தைக் கடைசியாகத் தொட்டவர் யார் என்று வரலாற்றில் பார்த்தால் சரியான ஆள் கிடைப்பார். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கருனியை உருவாக்கும் குழுவினர் இதற்கென்றே ஒரு சிறுநிரல் வைத்திருக்கிறார்கள். நீங்கள் மாற்றிய கோப்பைக் காட்டினால், யாருக்கெல்லாம் அனுப்ப வேண்டும் என்று அது பட்டியல் தரும். நம் குழுக்களுக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம், பக்க வரலாற்றைத் திறந்து பார்க்கும் பொறுமை இருந்தால் போதும். கூடவே அவர் கடைசியாக எப்போது எழுதினார் என்பதையும் பாருங்கள். அரை வருடமாக ஆளையே காணோம் என்றால், நீங்கள் பூட்டிய வீட்டின் கதவைத் தட்டுகிறீர்கள்.

பல பேரை ஒரே மூச்சில் அழைப்பது எனக்குப் பிடிக்காத பழக்கம். மூன்று பெயர்களைப் போட்டால் மூவரும் மற்ற இருவரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்கள். மேலே சொன்ன ஆய்வுகள் அப்படியே சின்ன அளவில் நடக்கும். இருவர் கட்டாயம் வேண்டும் என்றால் வேலையைப் பிரித்துக் கேளுங்கள்: "@இன்னார், வடிவமைப்புப் பற்றி மட்டும் உங்கள் கருத்து. @மற்றவர், தரவுத்தளம் தாங்குமா என்று நீங்கள் சொல்லுங்கள்." குழு முழுவதையும் எழுப்பும் அழைப்புகள் வேறு வகை. அலுவலகக் குழுக்கள் பயன்படுத்தும் அரட்டைச் செயலியான ஸ்லாக்கிலும் டிஸ்கார்டிலும் அப்போது இணைப்பில் இருப்பவர்களை மட்டும் அழைக்க ஒன்றும், அத்தனை பேரையும் அழைக்க இன்னொன்றும் தனித்தனியாக இருக்கின்றன. பெரிய குழுவில் அதை அழுத்தினால், எத்தனை பேருக்கு, எத்தனை நேர மண்டலங்களில் அறிவிப்புப் போகப்போகிறது என்று ஸ்லாக் முன்கூட்டியே காட்டும். டிஸ்கோர்ஸ் தளங்களில் புதியவர்கள் ஒரு பதிவில் இருவருக்கு மேல் அழைக்க முடியாது, மற்றவர்களுக்கு வரம்பு பத்து. தள நிர்வாகி மாற்றாதவரை இதுதான் இயல்பு அமைப்பு. இந்த வேலிகள் எல்லாம் சும்மா போடப்படவில்லை. சேவையகம் நின்றுபோனதற்கும், நாளைய கூட்டம் ரத்தானதற்கும் எல்லாரையும் எழுப்புங்கள். உங்கள் ஐயத்துக்கு வேண்டாம். இரண்டு முறை அப்படி எழுப்பப்பட்டவர் அந்தக் குழுவின் ஒலியை அடக்கிவிடுவார். வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் ஒலியடக்கிய குழுவிலும் பெயர் சொல்லி அழைத்தாலோ, அவருடைய செய்திக்குப் பதில் எழுதினாலோ பொதுவாக அறிவிப்புப் போகும். அந்தக் கடைசி வழியையும் வீணடித்துவிட்டால், பிறகு குழுவை விட்டே போய்விடுவார்.

காத்திருப்பதுதான் எல்லாருக்கும் கடினம். நாம் எழுதி முடித்த நொடியிலிருந்து நம் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. அவருடையது அவர் படித்த நொடியிலிருந்துதான் ஓடும். லினக்ஸ் கருனியின் ஆவணத்தில், அனுப்பியதை மீண்டும் அனுப்பவோ நினைவூட்டவோ குறைந்தது ஒரு வாரமாவது பொறுத்திருக்கும்படி எழுதியிருக்கிறார்கள். பரபரப்பான காலமென்றால் இன்னும் அதிகம். சம்பளம் வாங்கிக்கொண்டு அதே வேலையைச் செய்பவர்கள் நிறைய இருக்கும் இடத்துக்கே ஒரு வாரம். ஓய்வு நேரத்தில் உழைப்பவர்களுக்கு அதற்குக் குறைவாகக் கொடுப்பது நியாயமாக எனக்குத் தோன்றவில்லை. அரட்டைக் குழுவில் ஒரு நாள் பொறுக்கலாம், உரையாடல் இழைகளில் (ஒரே தலைப்பின் கீழ் தொடரும் பதிவுகளில்) ஒரு வாரம் என்பது நான் வைத்திருக்கும் அளவு.

நினைவூட்டும்போது வெறும் கேள்விக்குறிகளை வரிசையாகப் போடாதீர்கள். இழையை மேலே கொண்டுவருவதற்காக ஒற்றைப் புள்ளி வைத்துப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அது படிப்பவர் அனைவரையும் எரிச்சலூட்டும். நினைவூட்டலில் புதிதாக ஏதாவது இருக்கட்டும்: இதற்கிடையில் எதைச் சோதித்தீர்கள், எது தெளிவானது, எது மட்டும் இன்னும் நிற்கிறது. பல முறை அந்த ஒரு வரியை எழுதத் தேடும்போதே விடை கிடைத்துவிடும். கிடைத்தால் அதையும் எழுதி, அழைப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். அவர் வந்து பார்க்கும்போது வேலை மிச்சம். இரண்டாம் நினைவூட்டலுக்கும் பதில் இல்லையென்றால் நான் வேறு ஆளைத் தேடப் போய்விடுகிறேன். பழைய பதிவை அழித்துவிட்டு மறுபடி இடுவது, வேறு கணக்கிலிருந்து கேட்பது எல்லாம் மட்டுறுத்துநருக்கு வேலை வைக்கும் காரியங்கள்.

தனிமடல் பற்றிக் கொஞ்சம். பொதுவில் பதில் வராத உடனே தனிமடலுக்குத் தாவுவது இப்போது வழக்கமாகிவிட்டது. பலர் தங்கள் விவரக்குறிப்பிலேயே "கேள்விகளைத் தனிமடலில் அனுப்ப வேண்டாம்" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் படிக்காமல் அனுப்புவது, வாசலில் எழுதி மாட்டியிருப்பதைப் பார்க்காமல் உள்ளே நுழைவதற்குச் சமம். பொதுவில் கேட்டால் அடுத்து அதே ஐயத்தோடு வருபவருக்கும் விடை கிடைக்கும்; நீங்கள் அழைத்தவர் தவறாகச் சொன்னால் இன்னொருவர் திருத்துவார். தனிமடலுக்கு உரியவை சில உண்டு. மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்தால் அதைப் பொதுவில் எழுதவே கூடாது, திட்டத்தின் பொறுப்பாளருக்குத் தனியே சொல்ல வேண்டும். யாரோ ஒருவர் கவனக்குறைவாகத் தம் தொலைபேசி எண்ணையோ கடவுச்சொல்லையோ பொதுவில் ஒட்டிவிட்டால், அவரை அங்கேயே பெயர் சொல்லி அழைத்து எச்சரிப்பது கூட்டத்தைக் கூட்டி அதைக் காட்டுவதாகிவிடும். அப்போதும் தனிமடல்தான்.

சண்டைக்கு ஆள் சேர்க்க அழைப்பது பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. விவாதம் முற்றும்போது ஒருவர் தம் பக்கம் பேசக்கூடியவர்களாகப் பார்த்து நான்கைந்து பேரை அழைப்பார். விக்கிப்பீடியாவில் இது விதிமீறல். ஒரே தரப்பினரை மட்டும் பொறுக்கி அழைப்பதும், அழைப்பிலேயே சாய்வாக எழுதுவதும் அங்கே கூடாது. முன்பு அந்த விவாதத்தில் பங்கேற்ற இரு தரப்பினரையும் நடுநிலையான சொற்களில் அழைக்கலாம். மற்ற குழுக்களில் எழுதப்பட்ட விதி இல்லாவிட்டாலும் இதே அளவுகோல் பொருந்தும். ஒருவருடைய வேலையைக் குறைசொல்லி எழுதுகிறீர்கள் என்றால் அவரை அழைத்தே எழுதுங்கள்; பதில் சொல்லும் வாய்ப்பு அவருக்கு இருக்கட்டும். அவர் வந்து படித்தால் சங்கடம் என்று தோன்றும் அளவுக்கு எழுத்து இருந்தால், அந்தப் பத்தியை அழித்துவிடுவது உத்தமம்.

முன்பின் தெரியாதவரை எப்படி விளிப்பது என்று கேட்பவர்கள் உண்டு. பயனர்பெயரை வைத்து வயதையும் பாலையும் ஊகிக்கப் போய், ஒரு பேராசிரியையைத் "தம்பி" என்று அழைத்தவரை நான் பார்த்திருக்கிறேன். அந்த அம்மையார் பெருந்தன்மையாகச் சிரித்துவிட்டுப் பதில் சொன்னார், எல்லாரும் அப்படி இருக்க மாட்டார்கள். 'வணக்கம்' என்று தொடங்கி 'நீங்கள்' என்று பேசினால் எங்கும் இடறாது. உறவுமுறை பழகப் பழகத் தானே வரும்.

அழைத்தவர் வந்து பதில் சொன்ன பிறகு பலர் காணாமல் போய்விடுகிறார்கள். அவர் சொன்னது வேலை செய்ததா, செய்யவில்லையா என்று ஒரு வரி எழுத வேண்டும். "நன்றி" மட்டும் போதாது. "நீங்கள் சொன்னபடி வரிசையை மாற்றினேன், இப்போது சரியாக வருகிறது" என்று எழுதினால், அவருக்குத் தாம் சொன்னது சரி என்று தெரியும், பின்னால் வருபவருக்கும் அது விடையாக நிற்கும். இப்படி முடித்து வைப்பவர்களின் பெயர் அறிவிப்பில் வந்தால் நான் வேறு வேலையை ஒதுக்கிவிட்டுத் திறக்கிறேன். பதிலை வாங்கிக்கொண்டு மறைபவர்களின் பெயரும் நினைவில் நிற்கத்தான் செய்கிறது.

அழைக்கப்படும் பக்கத்திலும் நான் சில ஏற்பாடுகள் செய்துகொண்டேன். மற்ற எல்லா மின்னஞ்சல் அறிவிப்புகளையும் நிறுத்திவிட்டு, பெயர் அழைப்புக்கும் மேற்கோளுக்கும் மட்டும் வைத்திருக்கிறேன். இப்போதைக்கு விடை சொல்ல முடியாதென்றால், "பார்த்துவிட்டேன், ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்கிறேன்" என்று ஒரு வரி போட்டுவிடுகிறேன். கேட்டவர் மேற்கொண்டு தவிக்க வேண்டியதில்லை. தெரியாத விஷயமென்றால் தெரிந்தவர் யார் என்று சொல்லி அவரை அழைத்துவிடுகிறேன். பயனர் பக்கத்தின் மேல்பகுதியில், எந்தெந்த விஷயங்களுக்கு என்னை அழைக்கலாம், எவற்றுக்கு அழைத்துப் பயனில்லை, நீண்ட நாள் வெளியே போவதென்றால் எப்போது திரும்புவேன் என்பதை எழுதி வைத்திருக்கிறேன். அதை எழுதிய பிறகு தவறான அழைப்புகள் கணிசமாகக் குறைந்தன. அவ்வப்போது யாராவது அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு, "இது உங்களுக்கு உரியதல்ல என்று தெரியும், யாருக்கு உரியது என்று மட்டும் சொல்லுங்கள்" என்று கேட்டு வருகிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு ஒருபோதும் தாமதமாவதில்லை.